‘டப்’ என்று போன கெப்பாசிட்டர்: பட்டறை கேள்வி பதில்

தைப்பூசம் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் கோயில்களில் காவடி வேலை தொடங்கும். கூடவே அலமாரியில் தூங்கிய ஆம்ப்ளிஃபயர்களும் கீழே இறங்கும். அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகள் அநேகமாக எல்லாமே, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் வெடித்துப்போனதைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு வேண்டுகோள். வெடித்ததைக் குப்பையில் போட்டுவிட்டு எங்களுக்கு எழுதாதீர்கள். அது எந்த இடத்தில் இருந்தது, அதன்மேல் எத்தனை வோல்ட் எழுதியிருந்தது, சுவிட்ச் போட்டு எத்தனை நேரம் கழித்து வெடித்தது என்ற மூன்றும் தெரிந்தால் காரணம் பாதி பிடிபட்ட மாதிரி.

கேள்வி: ஐயா, காவடிக்குப் பாட்டுப் போடுவதற்காக 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். சுவிட்ச் போட்டு ஏழெட்டு வினாடியில் இரண்டு பெரிய கெப்பாசிட்டரில் ஒன்று மட்டும் வெடித்தது. இரண்டும் ஒரே பையில் வாங்கியவை, 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். சரக்கு மோசமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: சரக்கின் மேல் பழி போடுமுன், வெடித்தது எந்த வரிசையில் இருந்தது என்று பாருங்கள். வோல்ட் கூடி வெடித்திருந்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கதிதான் வந்திருக்கும். ஒன்று மட்டும், அதுவும் சில வினாடி பொறுத்துப் போயிருக்கிறது. மைனஸ் வரிசையில் இருந்ததைத் தலைகீழாக மாட்டிவிட்டீர்கள் என்றே எங்களுக்குப் படுகிறது.

இந்த வகைச் சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மரின் நடுக்கம்பி பூஜ்யம். பிளஸ் வரிசையில் கெப்பாசிட்டரின் மைனஸ் கால் பூஜ்யத்துக்குப் போகும். இது எல்லோருக்கும் பழக்கம். மைனஸ் வரிசையிலோ பூஜ்யம்தான் மேட்டுப் பக்கம். அங்கே பிளஸ் கால் பூஜ்யத்தோடும், கோடு போட்ட மைனஸ் கால் மைனஸ் 34 வோல்ட்டோடும் சேர வேண்டும். ‘கோடு போட்ட கால் என்றால் கிரவுண்ட்’ என்று கை பழகியவர்கள் சறுக்கும் இடம் இது.

ஏன் உடனே வெடிக்காமல் ஏழெட்டு வினாடி பொறுத்தது? இது அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வகை. டப்பாவுக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாம் சேர்த்துச் சுருட்டிய சுருள். பிளஸ் தகட்டின் மேல் வளர்த்திருக்கும் ஆக்ஸைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுக்கிறது. அதன் கனம் ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவு. தலைகீழாக ஒன்று, ஒன்றரை வோல்ட்டைத் தாண்டினாலே அந்தப் படலம் தடுப்பதை விட்டுவிடும். மின்சாரம் தாராளமாகப் பாய்ந்து திரவம் கொதிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், மூடிய டப்பாவுக்குள் அழுத்தம் ஏறும். அந்த ஏற்றத்துக்குத்தான் ஏழெட்டு வினாடி. முகத்தைக் குனிந்து ‘ஏதோ சீறுகிறதே’ என்று பார்க்கும் நேரமும் சரியாக அதுதான்.

போலாரிட்டியை, அதாவது பிளஸ் மைனஸ் திசையை, சரிசெய்தாலும் 35 வோல்ட் போதாது. 24 வோல்ட் ஏசி என்று எழுதியிருப்பது முழுச் சுமையில் கிடைப்பது. சுமை இல்லாதபோது சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பத்து சதவீதம்வரை கூடத் தரும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அதுவும் பத்து சதவீதம் ஏறி 253 வரை போகலாம். 24-இன் உச்ச மதிப்பு 34. அதை இருமுறை பத்து சதவீதம் ஏற்றினால் 41. டயோடுகளில் போவதைக் கழித்தாலும் 39 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆகவே 50 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்குங்கள். வெடிக்காத மற்றொன்றையும் மாற்றிவிடுங்கள்.

மறுபடி சுவிட்ச் போடும் முறை முக்கியம். ஆம்ப் போர்டைக் கழற்றி வையுங்கள். 60 வாட் இழைபல்பு ஒன்றை லைவ் கம்பியில் தொடராக இணையுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழைபல்பு கிடைக்காவிட்டால் 42 வாட் ஹேலஜன் போதும். சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிட்டு வயரிங்கைப் பாருங்கள். மங்கியபின் பூஜ்யத்திலிருந்து இரு பக்கமும் அளந்தால் பிளஸ் 34-க்கும் மைனஸ் 34-க்கும் அருகில், ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். அதன்பிறகே போர்டு. ஸ்பீக்கரை மாட்டுமுன் அவுட்புட்டில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கச் சப்ளை விழுந்த ஆம்ப்ளிஃபயரில் முழு டிசியும் ஸ்பீக்கர் சுருளில் இறங்கியிருக்கலாம், அதனால் ஸ்பீக்கரையும் ஓம் மீட்டரில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி: கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று நன்றாகத் தெரிந்துதான் வைத்தேன். அப்படியும் அரிசி மணி அளவுள்ள மஞ்சள் கெப்பாசிட்டர் ஒன்று தீப்பொறி விட்டு எரிந்தது.
– மாணவர், ஃபீனிக்ஸ்

பதில்: மஞ்சளாக, செவ்வகமாக, ஒரு ஓரத்தில் கோடு போட்டிருந்தால் அது டான்டலம். டான்டலத்தில் கோடு காட்டுவது பிளஸ். அலுமினிய டப்பாவில் கோடு காட்டுவது மைனஸ். இரண்டுக்கும் ஒரே அடையாளம், நேர் எதிர் அர்த்தம். யார் கண்டுபிடித்த கொடுமையோ, இன்றுவரை மாறவில்லை.

அலுமினியம் தலைகீழானால் ஆவி விடும், டான்டலம் நெருப்பு விடும். பழைய வகை டான்டலத்தில் ஒரு பக்கம் டான்டலம் தூள், மறுபக்கம் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு. சூடேறினால் அந்த ஆக்ஸைடே ஆக்சிஜனைக் கொடுத்து எரியவைக்கும். ஊதினால் அணையாது, சப்ளையை நிறுத்துவதுதான் வழி. சரியாக மாட்டினாலும் எழுதியிருக்கும் வோல்ட்டில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. 5 வோல்ட் வரிசைக்கு 10 வோல்ட், 12-க்கு 25 வோல்ட் டான்டலம். பேட்டரியிலிருந்து நேராக வரும் இடத்தில் வைக்காதீர்கள், சுவிட்ச் போட்ட கணத்தில் பாயும் மின்சாரமே அதைக் கொன்றுவிடும். அங்கே ஒரு 25 வோல்ட் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் போதும். செராமிக் வைத்தால் தேவலையே என்று தோன்றும். ஆனால் சில பழைய ரெகுலேட்டர் ஐ.சி.களின் அவுட்புட்டில் செராமிக் வைத்தால் வோல்ட் நிலையாக நிற்காமல் ஆட்டம் போடும், அதனால் அந்த ஐ.சி.யின் விவரத்தாளில் எழுதியதைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

கேள்வி: அண்ணா, லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் வரும்போது எங்கள் வீட்டில் டிவி டெக்கோடரின் அடாப்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், இரண்டு எல்.இ.டி. பல்பு எல்லாம் ஒரே நாளில் போயின. அடாப்டரைத் திறந்தால் பெரிய கெப்பாசிட்டர் வாய் பிளந்து கிடக்கிறது. சர்ஜ் பிளக் வாங்கினால் போதுமா?
– வாசகி, லெனேசியா

பதில்: ஒரே நாளில் நாலும் போயிருந்தால் அதைச் சாதாரண சர்ஜ் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் நியூட்ரலைச் சந்தேகப்பட வேண்டும். தெருக் கம்பியிலோ வீட்டு மின்பலகையான டி.பி. போர்டிலோ நியூட்ரல் கழன்றால், 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வரும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்கு 230 வோல்ட்டில் கிடைக்கும் உச்சம் 325. 253-இல் 358. அதற்காகத்தான் 400 வோல்ட் போட்டிருப்பார்கள். 400 வோல்ட் ஏசி வந்தால் உச்சம் 565. எந்தக் கெப்பாசிட்டரும் தாங்காது. அன்று வேறு பல்புகள் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தனவா, அல்லது ஒன்று பளீரென்றும் ஒன்று மங்கலாகவும் இருந்ததா? ஆம் என்றால் மெயினை அணைத்து, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இதில் பொழுதுபோக்கு வேலை கூடாது.

நியூட்ரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின் சர்ஜ் பிளக்கைப் பற்றிப் பேசலாம். அதற்குள் இருப்பது வேரிஸ்டர். நுண்ணிய நேரம் வரும் உயர்ந்த வோல்ட்டை அது விழுங்கும். தொடர்ந்து நிற்கும் உயர்ந்த வோல்ட்டை விழுங்கப் போனால் அதுவே கருகும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பிளக்கில் உள்ள விளக்கு அணைந்துவிட்டால் பிளக் வேலை செய்தாலும் காவல் போய்விட்டது என்று பொருள். இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. கரண்ட் போனதும் சுவரிலேயே சுவிட்சை அணையுங்கள், வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். தெருவில் எல்லா வீட்டுக் கீசரும் குளிர்பெட்டியும் ஒரே நேரத்தில் இழுக்கும் அந்த ஆரம்ப ஆட்டம் அதற்குள் அடங்கியிருக்கும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் விலை குறைந்த எல்.இ.டி. பல்பு, இரவு விளக்கு, கொசு பேட் சார்ஜர் இவற்றைப் போடாதீர்கள். இவற்றில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஒரு கெப்பாசிட்டரே மின்சாரத்தை அளந்து விடுகிறது. 0.47 மைக்ரோஃபாரட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 34 மில்லி ஆம்பியர். அது சைன் அலைக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும் அலையில், ஒவ்வொரு படியிலும் அதைப்போலப் பல மடங்கு மின்சாரம் குபுக்கென்று பாயும். முதலில் கெப்பாசிட்டர் சூடேறும், பிறகு பல்பு மினுக்கும், கடைசியில் சத்தம்.

போன அடாப்டரைப் பழுது பார்க்க வேண்டாம், புதிது வாங்குங்கள். விலையுள்ள சப்ளை என்றால் வெடித்த கெப்பாசிட்டரோடு ஃப்யூஸ், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், சுவிட்சிங் டிரான்சிஸ்டர் மூன்றையும் சோதிக்காமல் புது கெப்பாசிட்டர் வைக்காதீர்கள். வைத்தால் அதுவும் போகும்.

வெடிக்காமல், தலை மட்டும் மெல்ல உப்பியிருந்தால் கதை வேறு. அது வெப்பத்தில் வயதானது. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது ஓரளவு நம்பத்தக்க கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதியது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். உப்பியதை மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றே கூடுதல் வோல்ட், 105 டிகிரி, ஈ.எஸ்.ஆர். எனும் உள்தடை குறைந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வகையை வைத்தால் அளவு எல்லாம் சரியாகக் காட்டும். ஆனால் சுவிட்சிங் சப்ளையின் அதிவேக மின்சாரம் அதை உள்ளிருந்தே சுட்டுவிடும்.

கேள்வி: உறவினர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டரின் பிளக்கை மட்டும் மாற்றி நம் மூன்று முள் பிளக் போட்டேன். பின்னால் சிவப்பு சுவிட்ச் ஒன்று ‘115’ காட்டியது, கவனிக்கவில்லை. துப்பாக்கி மாதிரி சத்தம்.
– வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: சுவிட்ச் 115-இல் இருக்கும்போது உள்ளே வோல்ட்டை இரட்டிப்பாக்கும் அமைப்பு வேலை செய்கிறது. அதில் இரண்டு 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள், ஆளுக்கு 160 வோல்ட் சுமக்கும்படி வகுத்தவை. நீங்கள் 230 கொடுத்ததும் ஆளுக்கு 325. ஒன்று வெடித்திருக்கும், மற்றொன்றும் பிழைத்திருக்காது. மதர்போர்டு பெரும்பாலும் தப்பியிருக்கும், ஏனென்றால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சப்ளையை முழுதாக மாற்றி, மற்றதைச் சோதியுங்கள்.

அமெரிக்கச் சாமான் எதுவானாலும் தகட்டைப் படியுங்கள். 100–240 என்றிருந்தால் பிளக் மட்டும் மாற்றலாம். 120 மட்டும் என்றிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று எழுதிய பழைய ஆம்ப்ளிஃபயருக்கு அதுவும் பத்தாது. நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு காந்தத்தால் நிறைந்து, டிரான்ஸ்ஃபார்மர் தொட முடியாத சூடாகும்.

கேள்வி: நீச்சல்குள பம்ப் ‘ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றது. கண்டன்சர் போய்விட்டது என்றார்கள். பழையது வெள்ளை உருளை, 20 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். கடையில் கறுப்பு உருளை ஒன்று மலிவாகக் கிடைத்தது, 21–25 மைக்ரோஃபாரட், 250 வோல்ட். நம் கரண்ட் 230 தானே என்று வாங்கி மாட்டினேன். பம்ப் ஓடியது. கால் மணி நேரத்தில் மூடி பறந்து, காகிதமும் எண்ணெயுமாகச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது.
– வாசகர், டோங்காட்

பதில்: கண்டன்சர் என்பதும் கெப்பாசிட்டர்தான். நீங்கள் வாங்கியது ஸ்டார்ட் கண்டன்சர், வேண்டியது ரன் கண்டன்சர். பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு சாதி.

ஸ்டார்ட் வகை உள்ளே அலுமினிய எலக்ட்ரோலிட்டிக், ஏசிக்காக இரண்டு பக்கமும் படலம் வளர்த்தது. மோட்டார் வேகம் எடுக்கும் இரண்டு மூன்று வினாடி மட்டும் அது இணைப்பில் இருக்க வேண்டும், பிறகு மோட்டாருக்குள் உள்ள சுவிட்ச் கழற்றிவிடும். அளவை ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு’ என்று வீச்சாக எழுதுவது அதன் அடையாளம். ரன் வகை பாலிபுரோப்பிலீன் படலத்தால் ஆனது, பம்ப் ஓடும் நேரமெல்லாம் சூடாகாமல் இணைப்பிலேயே இருக்கும், ஒரே எண்ணும் ‘கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம்’ என்பதும் எழுதியிருக்கும். ஸ்டார்ட் வகையை ரன் இடத்தில் வைத்தால் நிமிடங்களில் கொதித்துவிடும். கால் மணி நேரம் தாங்கியது உங்கள் அதிர்ஷ்டம்.

வோல்ட் கணக்கும் தவறு. ரன் கண்டன்சரின் மேல் நிற்பது 230 அல்ல. மோட்டாரின் துணைச் சுருளோடு சேர்ந்து அங்கே 300-க்கு மேல் ஏறும், அதனால்தான் 400 அல்லது 450 கேட்கிறார்கள்.

வாங்கும்போது உடலில் பி-2 அல்லது எஸ்-2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த வகை, உயிர் போகும்போது உள்ளேயே தன் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும்படி கட்டப்பட்டது. பி-0, எஸ்-0 வகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாட்டியபின் உருளையின் தலைக்கு மேல் ஒரு சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். தலை உப்பி எழுந்தால்தான் அந்தத் துண்டிப்பு நடக்கும். மூடிக்குள் இறுக்கித் திணித்தால் அது நடக்காது. புதிது மாட்டியும் பம்ப் முனகினால் கண்டன்சரைத் திட்டாதீர்கள். உப்புக் காற்றில் பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும். கரண்டை நிறுத்திவிட்டு அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: காரில் பேஸ் அதிரும்போது முன்விளக்கு மங்குகிறது. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கினேன். பேட்டரி வயரைத் தொட்டதும் வெல்டிங் மாதிரி பொறி. பயந்து நிறுத்திவிட்டேன்.
– வாசகர், மெரேபேங்க்

பதில்: நிறுத்தியது நல்லது. காலியான 1 ஃபாரட் என்பது பேட்டரியின் கண்ணுக்கு ஷார்ட் சர்க்யூட். நிறைந்தபின் 14.4 வோல்ட்டில் அதில் சுமார் 104 ஜூல் இருக்கும். சாவிக்கொத்து குறுக்கே விழுந்தால் பெரும் பொறி பறக்கும் அளவு.

முதலில் மைனஸைக் காரின் உடலோடு இறுக்குங்கள். பிளஸ் வயருக்கும் கெப்பாசிட்டரின் பிளஸுக்கும் நடுவே காரின் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் பிடியுங்கள். பல்பு எரிந்து மெல்ல மங்கி அணையும். அணைந்தால் நிறைந்துவிட்டது, இனி நேராக இணைக்கலாம். அணையாமலே இருந்தால் போலாரிட்டி தவறு அல்லது கெப்பாசிட்டர் கெட்டது. கழற்றும்போதும் அதே பல்பைக் குறுக்கே வைத்து வடியவிடுங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும்.

விளக்கு மங்குவதற்கு இது முழு மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். நீளமான அடிக்கு மின்சாரம் தர வேண்டியது ஆல்டர்னேட்டர். கெப்பாசிட்டர் ஒரு நொடியின் சிறு பங்குக்கு மட்டும் தாங்கும். காசு செலவழிக்குமுன் பேட்டரியின் கிரவுண்ட் வயரைத் தடித்ததாக மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கரண்டை நிறுத்திவிட்டால் போதாதா? டி.பி. போர்டில் எர்த் லீக்கேஜ் வேறு இருக்கிறது. நண்பர் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் ஷார்ட் செய்துவிடு என்கிறார்.
– வாசகர், லாடியம்

பதில்: எர்த் லீக்கேஜ் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டால் மெயினைத் துண்டிக்கும். பிளக்கைக் கழற்றிய பெட்டிக்குள் தங்கியிருக்கும் சார்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த அதிர்ச்சிக்கு வீட்டில் எந்தக் காவலும் கிடையாது.

நண்பரின் வழி ஸ்க்ரூடிரைவர் முனையையும் போர்டின் செம்பையும் தின்னும், உருகிய உலோகத் துளி கண்ணுக்குப் பறக்கும். 2.2 கிலோ ஓம், 5 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் காப்பிட்ட முதலைக் கிளிப் வைத்துக்கொள்ளுங்கள். 400 வோல்ட் 150 மைக்ரோஃபாரட் ஒன்று இரண்டு வினாடியில் வடிந்துவிடும். 50 வோல்ட் 10,000 மைக்ரோஃபாரட்டுக்கு இதே ரெசிஸ்டர் இரண்டு நிமிடம் எடுக்கும். அதற்கு 100 ஓம் 10 வாட் என்றால் ஐந்து வினாடி. வடித்தபின் மீட்டரால் அளந்து பாருங்கள், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக்கில் தானாகவே கொஞ்சம் வோல்ட் திரும்ப ஊறி வரும். ரெசிஸ்டரைக் கழற்றாமல் வைத்துக்கொண்டே வேலை செய்வது இன்னும் மேல்.

மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்க வேண்டாம். அதன் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் வைத்திருப்பது, மேலே சொன்ன ரெசிஸ்டர் அதற்கு ஆகாது.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. வீடியோ பார்த்துவிட்டு 9 வோல்ட் பேட்டரியும் சின்ன கெப்பாசிட்டரும் வைத்து வேண்டுமென்றே வெடிக்கவைக்கிறான். அறையெல்லாம் மீன் வாடை. அந்தப் புகை விஷமா?
– ஒரு தாய், ஸ்டேங்கர்

பதில்: வெள்ளையாக வருவது பெரும்பாலும் உள்ளே இருந்த திரவத்தின் ஆவி. எத்திலீன் கிளைக்காலும் வேறு கரைப்பான்களும் உப்புகளும் கலந்தது. ஒருமுறை மூக்கில் பட்டதால் ஆபத்து வராது, ஆனால் தொண்டையும் கண்ணும் எரியும். ஜன்னலைத் திறந்து அறையை விட்டுக் கால் மணி நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்களுக்குப் புகையைவிடப் பெரிய கவலை டப்பாதான். பெரிய கெப்பாசிட்டரின் தலையில் கூட்டல் குறி அல்லது ஒய் மாதிரி கீறல் இருக்கும். அழுத்தம் ஏறினால் அந்த இடம் கிழிந்து வழிவிடும். ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள சின்னவற்றில் பெரும்பாலும் அந்தக் கீறலே இல்லை. அடிப்பக்க ரப்பர் பிடுங்கிக்கொள்ள, அலுமினியத் தொப்பி தோட்டாவாகக் கிளம்பும். ‘சின்னதுதானே’ என்று குனிந்து பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது வரும். தம்பியிடம் இதைச் சொல்லி இந்த விளையாட்டை நிறுத்துங்கள். பிறகு அவன் ஆசைக்கு ஒரு சால்டரிங் கிட்டும் பாலிகார்பனேட் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். படிக்கும் கண்ணாடி இதற்குக் காவல் இல்லை.

மேசையில் சிதறியதைத் துடைக்க, கையுறை போட்டு முதலில் ஈரத்துணி, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால். சர்க்யூட் போர்டில் பட்டிருந்தால் அன்றே துடைக்க வேண்டும். அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரித்துப் பச்சையாக்கும்.

கேள்வி: கோயில் நூலகத்துப் பழைய கம்ப்யூட்டர். சுவிட்ச்கூடப் போடவில்லை, பிளக் மட்டும் செருகியிருந்தது. பத்து நிமிடத்தில் பயங்கரப் புகை.
– வாசகர், இசிப்பிங்கோ

பதில்: மெயின் வரும் இடத்தில், சுவிட்சுக்கு முன்னால், குறுக்கே ஒரு இரைச்சல் தடுப்புக் கெப்பாசிட்டர் இருக்கும். 1980-களின் சாமான்களில் அது தேன் நிறத்தில், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறையில், உலோகம் பூசிய காகிதத்தால் ஆனதாக இருந்தது. காலப்போக்கில் உறையில் மயிரிழை வெடிப்பு விழும், நம் கடற்கரை ஈரம் காகிதத்தில் ஏறும், பிறகு ஒருநாள் இப்படி. மற்ற பாகங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதே மைக்ரோஃபாரட்டில் எக்ஸ்-2 என்று எழுதிய 275 வோல்ட் ஏசி பிலிம் கெப்பாசிட்டர் வையுங்கள். லைவிலிருந்து எர்த்துக்குப் போவது என்றால் கட்டாயம் ஒய்-2 வகை. சாதாரண 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டரை இந்த இரண்டு இடத்திலும் வைக்கக் கூடாது.

கேள்வி: தாத்தாவின் வால்வ் ரேடியோ நாற்பது வருடமாகப் பரணில். போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், கெபெஹா

பதில்: வேண்டாம். வருடக்கணக்கில் மின்சாரம் காணாத எலக்ட்ரோலிட்டிக்கில் படலம் மெலிந்திருக்கும், முழு வோல்ட்டையும் ஒரே அடியாகக் கொடுத்தால் கொதித்துவிடும். கெப்பாசிட்டரை வெளியே எடுத்து, 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 50 வோல்ட்டில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றிப் படலத்தை மீட்கலாம். ரெசிஸ்டரின் குறுக்கே 47 வோல்ட் என்றால் கசிவு 1 மில்லி ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் அதற்குக் கீழே இறங்காவிட்டால் அது தேறாது.

எங்களைக் கேட்டால் இவ்வளவு பாடு வேண்டாம் என்போம். புதிய 33 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் வாங்கிப் பழைய 32-க்குப் பதில் வையுங்கள். கூட்டி 220 வைத்தால் இரைச்சல் குறையுமே என்று ஆசைப்படாதீர்கள். ஈஇசட்80 போன்ற, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வுக்கு முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வால்வுக்குள் மின்னல் அடிக்கும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டரைச் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோ என்றால் அதன் இரும்புச் சட்டமே மெயினோடு தொடர்பில் இருக்கும். அதைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதிர்வில் கால் உடையாமலிருக்க கெப்பாசிட்டர்களின் தலையோடு சேர்த்து ஹாட் க்ளூ போட்டுவிட்டேன். பரவாயில்லையா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தலையில் உள்ளதை உரித்துவிடுங்கள். கிழிந்து வழிவிட வேண்டிய கீறலை அடைத்திருக்கிறீர்கள். 16 மில்லிமீட்டர் விட்டம்வரை தலைக்கு மேல் 2 மில்லிமீட்டர், 18 முதல் 35 வரை 3, அதற்கும் பெரியதற்கு 5 மில்லிமீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். பசை அடிப்பக்கத்தில், டப்பாவுக்கும் போர்டுக்கும் நடுவே மட்டும். பழைய சாமான்களில் மஞ்சளாக இருந்து பழுப்பாக மாறிய பசையைக் கண்டால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சூட்டில் அது மின்சாரம் கடத்தத் தொடங்கும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும்.